ஆவுடைத்தங்கத்துக்கு நெட் கிடைக்காத சாரல் காலம்

மலையின் மடியில் கிடக்கிற ஊர்களுக்கு மழை முதலில் கிடைக்கும், வெயில் கடைசியில் கிடைக்கும், செல்போன் சிக்னல் கிடைக்கவே கிடைக்காது. தென்காசிக்கு மேற்கே இருந்த ஆனைக்கல்லூர் அப்படி ஓர் ஊர். எந்த டவரிலிருந்து எந்த சிக்னல் கிளம்பி வந்தாலும் மலை குறுக்கே நின்று மறித்துக்கொண்டதால், அந்த ஊர்க்காரர்கள் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேசவும், படம் பார்க்கவும், கடையில் பணம் செலுத்தவும், சவரிமுத்து தென்னைக்குத் தென்னை கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்த கறுப்பு வயரையும், அது வீட்டுக்கு வீடு போய் முடிகிற இடத்தில் பச்சை விளக்கு மினுக்குகிற வெள்ளைப் பெட்டியையும்தான் நம்பியிருந்தார்கள். அதற்கு வைஃபை என்று பெயர் இருந்தாலும் ஊரில் எல்லோரும் நெட்டு என்றே சொன்னார்கள். காலையில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்பதுபோல நெட்டு வந்துவிட்டதா என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த ஊரில் மாவு மில் வைத்திருந்தவள் ஆவுடைத்தங்கம். புருஷன் உலகநாதன் மினி பஸ் ஓட்டினார். ஒரே மகள் சண்முகவடிவு கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று கட்டிலுக்குப் புது மெத்தை போட்டு, உத்தரத்தில் தொட்டில் கொக்கி அடித்து, பெருங்காயமும் சுக்கும் இடித்து வைத்திருந்த வேளையில், ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, விமானம் ஏறக்கூடாது, படுக்கையைவிட்டு அதிகம் எழுந்திருக்கவும் கூடாது என்று அந்த ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். ஆவுடைத்தங்கம் மில்லில் கடைசி ஆளின் மிளகாயை அரைத்து அனுப்பிவிட்டு, மிளகாய் நெடி போகக் கையைப் புளித்தண்ணீரில் கழுவிக்கொண்டு, மத்தியானம் தவறாமல் போனின் முன்னால் உட்காருவாள். "முகத்தைக் காட்டுனது போதும், காலைக் காட்டு," என்பாள். வடிவு போனை இறக்கிக் காலைக் காட்டுவாள். வீக்கம் வற்றியிருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "பார்லி கஞ்சி குடிச்சியா, உப்பைக் குறைச்சியா," என்று கேட்டுவிட்டு, அதன்பிறகுதான் இவள் சோற்றுத்தட்டைத் தொடுவாள்.

ஆனி மாதம் சாரல் விழத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, வடிவு முகத்திலிருந்து காலுக்குப் போனை இறக்கிக்கொண்டிருந்தபோது, பாதி வழியில், அவள் நைட்டியின் மஞ்சள் பூவில் படம் நின்றது. அந்தப் பூவின்மேல் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஆவுடைத்தங்கம் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு ஆறி, குழம்பின்மேல் ஏடு படிந்து, உலகநாதன் இரண்டாவது நடை முடித்து வந்தபோதும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் சவரிமுத்து வந்தான். நாற்பது வயது, தடித்த மீசை, இடுப்பில் ஸ்க்ரூ டிரைவர். ஊரில் யார் வீட்டு நெட்டு போனாலும் அது அந்த வீட்டுக்காரரின் தவறுதான் என்பது அவனுடைய உறுதியான கருத்து.

"அணைச்சுப் போட்டியளாக்கா?"

"அணைச்சேன், போட்டேன், மறுபடி அணைச்சேன். இனி அணைக்க என்ன இருக்கு, அடுப்புதான் இருக்கு."

அவன் பெட்டியை அணைத்துப் போட்டான். போனை அணைத்துப் போட்டான். ஏரோப்ளேன் படத்தை அமுக்கினான், விட்டான். தேதி தப்பாயிருந்தால் நெட்டு வராது என்று தேதியைப் பார்த்தான், தேதி சரியாக இருந்தது. 'இணைக்கப்பட்டது, இன்டர்நெட் இல்லை' என்று போன் சொன்னது. அதன் அர்த்தம் என்ன என்று ஆவுடைத்தங்கம் கேட்டாள்.

"கல்யாணம் ஆயிட்டு, ஆனா பேச்சுவார்த்தை இல்லன்னு அர்த்தம்."

"அதைப் பேச வை. அதுக்குத்தான உன்னக் கூப்புட்டது."

"இங்ஙன பாருங்க, 'மறந்துவிடு'ன்னு ஒண்ணு இருக்கு. அதை அமுக்குனா போனு பழைய சங்கதி எல்லாத்தையும் மறந்துட்டு, புதுசாக் கேட்கும். நீங்க பாஸ்வேர்டு போடணும்."

அவள் மறக்கச் செய்தாள், பாஸ்வேர்டு போட்டாள், பாஸ்வேர்டு தவறு என்றது. மகளின் பெயரும் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும்தான் பாஸ்வேர்டு, வடிவே போட்டுக் கொடுத்தது. தன் பிள்ளையின் பெயரைத் தவறு என்று சொல்ல இது யார் என்று ஆவுடைத்தங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் சவரிமுத்து, போனை வாங்கிய நாளில் இருந்த நிலைக்கே கொண்டுபோய்விடுவோம் என்று எல்லாவற்றையும் அழித்தான். வடிவின் கல்யாணப் படங்களும் வளைகாப்புக்கு எடுத்துவைத்திருந்த சேலையின் படமும் அதோடு போயின. வெறுமையாகிப் பளபளத்த போன், 'வருக' என்று எழுதிக்காட்டிவிட்டு, அதன்பிறகு வட்டத்தைச் சுற்றியது.

அவள் புதுப் பெட்டி வாங்கினாள். புதுப் போன் வாங்கினாள். பெட்டியை அலமாரிமேல் வைத்தாள், ஜன்னலில் வைத்தாள், சவரிமுத்து யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னதால் அரிசிப்பானைக்கு எதிரே வைத்தாள். ஒரே ஒரு காரியத்தை மட்டும் யாரும் சோதிக்கவில்லை, அதைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுக் காந்திமதி. மில்லில் கோதுமை அரைக்க வந்து, போனில் சீரியல் பார்த்துக்கொண்டு நின்றவள், திடீரென்று சொன்னாள்:

"மதினி, நீங்க பின்னால தோப்புக்குப் போனா எனக்குப் படம் ஓடுது. நீங்க திரும்பி வந்தா நின்னுருது."

தோப்புக்குப் போய்ப் பார்க்கச் சொன்னாள். ஓடியது. திரும்பி வரச் சொன்னாள். நின்றது. வரிசையில் நின்ற மற்றவர்களும் தங்கள் போன்களை எடுத்துப் பார்த்துக்கொண்டு, இன்னொருமுறை தோப்புக்குப் போங்க, இன்னொருமுறை திரும்பி வாங்க என்று கேட்டுக்கொள்ள, ஆவுடைத்தங்கம் நெற்றியில் மாவோடு தோப்புக்கும் மில்லுக்கும் நடந்து நடந்து, கடைசியில், "சவத்தெழவு, நான் என்ன சுவிச்சா?" என்று கத்தினாள்.

அன்று சாயங்காலம் சவரிமுத்து அவளைத் தெருவின் கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரை மெல்ல நடக்கச் சொன்னான். அவள் நடந்தாள். அவள் வர வர, முன்னால் உள்ள வீடுகளிலிருந்து, "நெட்டு போச்சு!" "எங்க வீட்லயும் போச்சு!" என்று குரல்கள் எழும்பின; அவள் தாண்டித் தாண்டிப் போக, பின்னால் உள்ள வீடுகளிலிருந்து, "வந்துட்டு!" "எங்களுக்கும் வந்துட்டு!" என்று குரல்கள் எழும்பின. போச்சு என்ற சொல்லைத் தள்ளிக்கொண்டும் வந்துட்டு என்ற சொல்லை இழுத்துக்கொண்டும் அவள் ஊரைக் கடந்தாள். அவளைச் சுற்றி ஒரு கூப்பிடு தூரத்துக்கு நெட்டு நிற்காது என்று சவரிமுத்து முடிவு சொன்னான். காற்றில் வருவதுதானே நிற்கவில்லை, கம்பியில் வந்தால் என்ன செய்யும் என்று, பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் வயரை நேராகச் செருகி அவளை முன்னால் உட்கார வைத்துப் பார்த்தான். அதிலும் வட்டம் சுற்றியது. தூரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு வந்த வீடியோக்களும்கூட அவள் அருகில் வந்ததும் சாம்பல் நிறச் சதுரமாகிவிட்டன.

ஊரில் யாரும் இதற்குத் திகைத்துப் போய்விடவில்லை. சிலர் கை பட்டால் ஊறுகாய் பூத்துவிடும், சிலர் வீட்டுக்கு வந்தால் மழை வந்துவிடும், மேலத்தெருவில் ஒருவர் கட்டினால் எந்த வாட்ச்சும் ஓடாது, அதுபோல இது ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். பலசரக்குக் கடைக்காரர் அவள் வருவதைத் தூரத்தில் கண்டால், "யக்கா, ஒரு நிமிசம் அங்ஙனயே நில்லுங்க, இவிய ஸ்கேன் பண்ணிக்கிடட்டும்," என்பார். அவள் மழையில் நிற்பாள்.

போனில் பேச முடியாவிட்டால் நேரில் போய்விடலாம் என்று பாஸ்போர்ட் எடுக்கக் கிளம்பினாள். உலகநாதன் தன் மினி பஸ்ஸிலேயே தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மனு போட்டுக்கொடுக்கும் மையத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண், பெயர் கேட்டாள், பிறந்த தேதி கேட்டாள், பிறகு, "சர்வர் போயிட்டும்மா, வெளிய உக்காருங்க," என்றாள். வெளியே, அதற்கும் வெளியே, டீக்கடைக்கும் அப்பால் போய் உட்கார்ந்தால் சர்வர் வந்தது. உலகநாதன் ஓடிவந்து கூப்பிட்டால், இவள் எழுந்துபோனால், சர்வர் போனது. விரல் ரேகை வைக்க ஆள் வேண்டும், ஆள் வந்தால் நெட்டு இருக்காது. அந்தப் பெண் நல்ல பெண்தான், அவள் முகம் கோணவேயில்லை, நாளைக்கு வாங்க என்றாள், மறுநாள் போனபோதும் அதையே அன்போடு சொன்னாள். தென்காசியில் கிடைக்கிற செல்போன் சிக்னலும் அவள் அருகே வந்தால் அற்றுப்போனது, ஆனால் அங்கிருந்த உறவுக்காரர் கடையில் ஒரு பழைய வயர் போன் இருந்தது. அதில் மஸ்கட் நம்பரைச் சுற்றினால், இந்த இணைப்பில் வெளிநாட்டுக்குப் பேசும் வசதி இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழிகளில் சொன்னது. ஆவுடைத்தங்கம் அந்தக் குரலோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு வைத்தாள். அங்கிருந்து வடிவு கூப்பிட்டாலும் அந்தப் போன் மணி அடிக்கவில்லை.

அதனால் காந்திமதி மட்டும் தினமும் தெருவின் மேல்கோடியில் சவரிமுத்துவின் கடைக்குப் போய் வடிவோடு பேசிவிட்டு வந்து சொன்னாள். காந்திமதிக்குக் கெட்ட சேதியைச் சொல்ல வாய் வராது.

"நல்லா இருக்கா மதினி."

"கால்?"

"நல்லா இருக்கு."

"சாப்பிட்டாளா?"

"நல்லா சாப்பிட்டா."

"நல்லா, நல்லா, நல்லா! வீங்கியிருக்கா, வத்தியிருக்கா, அதைச் சொல்லுளா. நல்லா இருக்கான்னு சொல்லுததுக்கு நீ எதுக்கு, தெருவுல போற யாரும் சொல்லுவாவளே."

காந்திமதி மனம் தாளாமல், வடிவு அனுப்பிய படம் ஒன்றை ஸ்டுடியோவில் அச்சடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். காகிதத்தில் இருந்த வடிவு மறையவில்லை, சாம்பலாகவில்லை. வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஆவுடைத்தங்கம் அதை மில்லின் சுவரில் ஒட்டினாள், ஒரு பொழுது முழுக்கப் பார்த்தாள், பிறகு சொன்னாள், "நான் கேக்கதுக்கு இது பதில் சொல்லாதுளா."

இந்தச் சமயத்தில்தான் ஊருக்கு அவளுடைய அருமை தெரிய ஆரம்பித்தது. முதலில் தெரிந்துகொண்டவள் மைமூன். அவள் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றுவிட்டு, மறுதேர்வுக்குப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு போனிலேயே கிடந்தான். மைமூன் வந்து, "யக்கா, சும்மா எங்க வீட்ல வந்து ஒரு நாழி உக்காந்துட்டு போங்களேன், இடியாப்பம் அவிக்கேன்," என்று கூப்பிட்டாள். ஆவுடைத்தங்கம் போய் உட்கார்ந்தாள். உள்ளறையில் பையன் போனைத் தட்டினான், உலுக்கினான், அதன்பிறகு வேறு வழியில்லாமல் புத்தகத்தை எடுத்தான். அடுத்த வாரம் மைமூனின் நாத்தனார் கூப்பிட்டாள். அதற்கடுத்து, சாப்பிடும்போது புருஷன் தட்டைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறார் என்று குறைபட்ட ஒரு புது மருமகள் கூப்பிட்டாள். பெண் பார்க்கும் வீட்டில் கூப்பிட்டார்கள், மாப்பிள்ளை பெண்ணை நிமிர்ந்து பார்த்தான் என்றார்கள். முதியவர் ஒருவர் சாகக்கிடந்த வீட்டில், பேரப்பிள்ளைகள் அவர் பக்கத்தில் உட்காரட்டும் என்று கூப்பிட்டார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடி ஆடும்போது கூட்டம் கையைத் தூக்கிப் படம் பிடிக்காமல் கும்பிடட்டும் என்று, ஆடுகிற இடத்துக்கு நேர் எதிரே அவளுக்கு நாற்காலி போட்டார்கள். எந்த வீட்டில் என்றைக்கு அவள் இருப்பாள் என்று பெண்கள் தங்களுக்குள் பேசி முறை வைத்துக்கொண்டார்கள். போகிற வீட்டிலெல்லாம் அவளுக்கு வெற்றிலை வைத்தார்கள், நல்ல தட்டில் சோறு போட்டார்கள், திரும்பும்போது பையில் முருங்கைக்காயோ நெத்திலியோ போட்டு அனுப்பினார்கள். நீங்கள் வந்தால் வீடு நிறைந்ததுபோல இருக்கிறது என்றார்கள். ஊர் முழுக்கப் பேச்சுச் சத்தம் கேட்கிறது என்று மகிழ்ந்தார்கள். அவளுக்கு மட்டும் தன் மகளோடு பேச்சு இல்லை என்பதை யாரும் மறக்கவில்லைதான், ஆனால் அதை மழை வெள்ளம்போல ஒரு விதியாக நினைத்துக்கொண்டார்கள்.

ஆடி பிறந்து, மைமூன் மகனின் ரிசல்ட் வந்தது. அவன் தேறிவிட்டான். மைமூன் பாத்திரம் நிறைய பிரியாணியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு வந்தாள். எல்லோர் முன்னாலும் ஆவுடைத்தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, எம் பிள்ளையப் படிக்க வச்சது நீங்கதான். அல்லா உங்களுக்கு இந்த வரத்தக் குடுத்து எங்களுக்கு அனுப்பியிருக்கான்."

ஆவுடைத்தங்கம் மெஷினை நிறுத்தினாள். பட்டை சுழன்று சுழன்று ஓய்கிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வரமா? எது வரம்? உம் மவன் பாஸானது நல்லது, நான் இல்லங்கல. அதுக்கு எம் மவ முகம் எனக்குத் தெரியாமப் போவணுமா? அவ அங்ஙன ஒத்தையில கெடந்து வாந்தி எடுக்காளோ, தல சுத்துதோ, எதக் கேட்டாலும் இந்தக் காந்திமதி வந்து நல்லா இருக்கா நல்லா இருக்கான்னு சொல்லுதா. அந்தப் புள்ளைக்குத் தாய் உயிரோட இருக்காளா செத்துட்டாளான்னு சந்தேகமே வந்திருக்கும். நீங்கல்லாம் எனக்கு வெத்தல வைக்கிய. நான் போற வீட்ல புருசனும் பொண்டாட்டியும் பேசுதாவ, பிள்ளைய படிக்கி, செத்துப்போற ஆளுக்கு வாயில தண்ணி விடுதாவ. எனக்கு என்ன செஞ்சிய? எனக்கு யாரு என்ன செஞ்சிய?"

மைமூன் பாத்திரத்தோடு நின்றாள். ஆவுடைத்தங்கம் மெஷினைப் போட்டாள், அதற்குள் போட எதுவும் இல்லை, அது வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அவள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. மில்லிலேயே உட்கார்ந்து, பழைய போனையும் புதுப் போனையும் மாறி மாறி அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சவரிமுத்து மட்டும் தினமும் வந்தான். இது அந்த வீட்டுக்காரரின் தவறு என்று அவன் இப்போது சொல்வதில்லை. ஏதாவது ஒரு வயரை மாற்றிப்பார்த்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுப் போவான்.

வடிவுக்குக் குழந்தை பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சாரல் விட்டு வெயில் அடித்த முற்பகல். சவரிமுத்து கடைக்குப் போயிருந்த காந்திமதி, தெரு நீளத்துக்கும் ஓடிவந்து, மில் வாசலில் மூச்சு வாங்க, "பொம்பளப் பிள்ள மதினி! ரெண்டு உசுரும் சேமம்!" என்றாள். ஆவுடைத்தங்கம் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"வீடியோல இருக்காளா? இப்ப இருக்காளா?"

"இருக்கா. மருமவன்தான் போனப் பிடிச்சிட்டு நிக்காவ."

"ரத்தம் நெறயப் போச்சான்னு கேளு. போ, கேட்டுட்டு வா."

காந்திமதி ஓடினாள், திரும்பி வந்தாள், போகவில்லையாம் என்றாள். பால் குடித்ததா என்று கேட்கச் சொன்னாள். காந்திமதி மறுபடி ஓடினாள். அவளும் ஐம்பதைத் தாண்டியவள், மூன்றாவது முறை பாதித் தெருவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து, மேலே கடை வாசலில் நின்ற பெண்ணிடம், "பிள்ள பால் குடிச்சுதான்னு கேளு!" என்று கத்தினாள். அந்தப் பெண் போனில் கேட்டுவிட்டு, "குடிக்க மாட்டுக்காம்! அழுதுக்கிட்டே இருக்காம்!" என்று கத்தினாள். காந்திமதி அதைத் திரும்பிப் பார்த்துக் கத்தியது மில்லுக்கு எட்டவில்லை. நடுவில் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மைமூன் அதை வாங்கி, அடுத்த வீட்டுக்குச் சொன்னாள். அடுத்த வீடு அதற்கடுத்த வீட்டுக்குச் சொன்னது.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஆட்கள் இறங்கி, ஒருவர் சொல் அடுத்தவர் காதில் விழுகிற தூரத்தில், தெருவின் மேல்கோடியிலிருந்து கீழ்க்கோடி மில் வரைக்கும் நின்றுகொண்டார்கள். மேல்முனையில் காந்திமதியைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கையில் போனைக் கொடுத்தார்கள். கீழ்முனையில், ஆவுடைத்தங்கத்துக்கு முன்னால், புதிதாக ஒரு வயரை மாற்ற வந்து கையில் கட்டிங் பிளேயரோடு நின்ற சவரிமுத்து அகப்பட்டுக்கொண்டான்.

கேள்விகள் மேலே போயின, பதில்கள் கீழே வந்தன. வழியில் சில சொற்கள் உருமாறின. பிள்ளையின் எடை மூன்று கிலோ என்று கிளம்பியது, மூணு நாளா என்று வந்துசேர்ந்து, ஆவுடைத்தங்கம் பதறி, மறுபடி போய்த் திருந்தி வந்தது. நிறம் வந்தது. முடி வந்தது. மூக்கு அப்பனைப்போல என்று வந்தபோது, யாரோ ஒருத்தி நடுவில், "ஆனா நல்லாத்தான் இருக்காம்," என்று சேர்த்துவிட்டிருந்தாள். அவற்றுக்குப் பின்னால், இடைவெளியே இல்லாமல், அழுகிறது, அழுகிறது, இன்னும் அழுகிறது என்று வந்துகொண்டேயிருந்தது. நர்ஸுகள் பார்த்துவிட்டார்கள், டாக்டர் பார்த்துவிட்டார், ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். பிறந்ததிலிருந்து அழுகிறது, மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்புகிறது.

"வடிவு கேக்காளாம்," என்றான் சவரிமுத்து. "அம்மா, நான் என்ன செய்யன்னு."

ஆவுடைத்தங்கம் மாவுப்பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி அழுவுது? பசிக்கு அழுததா, வயித்துக்கு அழுததா, அலுத்துப்போய் அழுததா? காதுல கேக்காம நான் எங்ஙனச் சொல்ல? எப்படி அழுவுதுன்னு கேளு!"

எப்படி அழுகிறது என்ற கேள்வி தெருவில் ஏறிப் போனது. மேலே காந்திமதி போனைக் காதோடு வைத்துக் கேட்டாள். கேட்டதை எந்தச் சொல்லாலும் சொல்ல முடியாது என்று கண்டுகொண்டு, வாயைத் திறந்து அந்தக் குழந்தையைப்போலவே அழுதாள். பக்கத்தில் நின்றவள் அதைக் கேட்டு அப்படியே அழுதாள். பலசரக்குக் கடைக்காரர் அழுதார். மைமூன் அழுதாள், அவள் மகன் வெட்கப்பட்டுக்கொண்டே அழுதான், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அழுதார். பிறந்த குழந்தையின் அழுகை வாய்க்கு வாய் மாறி, ஒவ்வொரு வாசலாக இறங்கி, மில் முகப்புக்கு வந்துசேர்ந்தது. சவரிமுத்து கேட்டுக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு, தடித்த மீசைக்குக் கீழே உதடு கோண, "ங்ஙா... ங்ஙா... ஹ்... ங்ஙா..." என்று அழுதான்.

ஆவுடைத்தங்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"நடுவுல அந்த 'ஹ்' அது போடுததா, நீ போடுததா?"

கேட்டு வரச் சொன்னான். அது போடுவதுதான் என்று வந்தது.

"துணிய இறுக்கிச் சுத்தியிருப்பாவ. அவிழ்த்து விடச் சொல்லு."

அவிழ்த்தார்கள். அழுகை மறுபடி தெருவில் இறங்கி வந்தது. தோளில் போட்டு முதுகைத் தடவச் சொன்னாள். தடவினார்கள். அழுகை இறங்கி வந்தது. ஏசியை அணைக்கச் சொன்னாள், விளக்கை அணைக்கச் சொன்னாள், வெற்று மார்பில் குப்புறப் போடச் சொன்னாள். ஒவ்வொரு தரமும் ஊரே காத்திருந்து, ஒவ்வொரு தரமும் அந்த அழுகை வீடு வீடாக இறங்கிவந்து சவரிமுத்துவின் வாயில் நின்றது. அவனுக்குக் குரல் கம்மிவிட்டது. ஆவுடைத்தங்கத்துக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் தீர்ந்துவிட்டது. வடிவும் அழுகிறாளா என்று கேட்டாள். இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாளாம், அம்மா என்ன சொல்கிறாள் என்று மட்டும் கேட்கிறாளாம் என்று பதில் வந்தது.

ஆவுடைத்தங்கம் மாவுப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்குத் தெரியலன்னு சொல்லு," என்றாள்.

சவரிமுத்து தயங்கினான்.

"சொல்லு. நீயும் பொறந்தன்னைக்கு இப்படித்தான் அழுதே. என்ன செய்யன்னு எனக்கும் தெரியல. எங்கம்மா இல்ல, கேக்க ஆளில்ல. நானும் உன்ன மடியில போட்டுக்கிட்டு உக்காந்து அழுதேன். அப்படியே சொல்லு, ஒண்ணையும் மாத்தாத."

அந்தச் சொல்லை மட்டும் வழியில் யாரும் மாற்றவில்லை. சவரிமுத்து ஹெட்மாஸ்டரிடம், "நானும் உன்ன மடியில போட்டுக்கிட்டு அழுதேன்," என்றான். ஹெட்மாஸ்டர் மைமூன் மகனிடம், "நானும் உன்ன மடியில போட்டுக்கிட்டு அழுதேன்," என்றார். அவன் தன் தாயிடம் சொன்னான், அவள் கடைக்காரரிடம் சொன்னாள், ஒவ்வொருவரும் தனக்கு அடுத்து நின்ற முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும்போது, சொன்னவர்களில் சிலர் உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காந்திமதி போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னாள்.

நெடுநேரம் மேலிருந்து ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குள்ளே யாருடைய குக்கரோ விசிலடித்தது, யாரும் நகரவில்லை.

பிறகு முதல் சொல் வந்தது. "வடிவு அழுதுட்டாளாம்." ஆவுடைத்தங்கம் தலையை ஆட்டினாள். "சத்தம் போட்டு அழுதாளாம்." அதற்கும் ஆட்டினாள். "அவ அழுகிறதப் பாத்துக்கிட்டே பிள்ள நிறுத்திட்டாம். வாயத் திறந்தபடி பாத்துக்கிட்டு கெடக்காம்." அதன்பின், "குடிக்காம், மார்ல வாயை வச்சுட்டாம்," என்று வந்தது. தெருவில் ஒரு கூச்சல் எழும்பப் பார்த்தது. மேலே காந்திமதி கையை வீசி அதை அடக்கினாள். அவள் பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொன்னாள், ஆனால் இந்தத் தடவை கத்தவில்லை, காதருகே குனிந்து மெல்லச் சொன்னாள். அந்தப் பெண் திரும்பிக் கடைக்காரரிடம் அதைவிட மெல்லச் சொன்னாள். நின்ற இடத்திலிருந்து கத்திக்கொண்டிருந்த அத்தனை பேரும், இப்போது ஒருவரிடம் ஒருவர் நடந்துபோய், செருப்புச் சத்தம் கேட்காமல் அடியெடுத்து வைத்து, காதில் வாயை வைத்துச் சொன்னார்கள். கடைசியில் ஹெட்மாஸ்டர் சவரிமுத்துவிடம் வந்து சொன்னார். சவரிமுத்து கட்டிங் பிளேயரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு, மில்லுக்குள் வந்து, ஆவுடைத்தங்கத்தின் காதருகே குனிந்து, கம்மிப்போன குரலில், கடல் தாண்டி உறங்குகிற குழந்தை எழுந்துவிடாமல் சொன்னான்:

"உறங்கிட்டு, அக்கா."